மேலூர் வட்டாரத்தில் நம் முன்னோர்

மதுரை மாநகரிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், யானைமலையைக் கடந்து வடகிழக்காகச் சென்றால் சுமார் 30 கிலோமீட்டரில் மேலூர் வரும். புகைவண்டி எட்டிப் பாராத ஊர். சுற்றுப்புறச் சிற்றூர்களின் விளைபொருள்கள் வந்து சேர்வதற்கும், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பதற்கும், வழக்குக்கும் வைத்தியத்துக்கும் மக்கள் நாள்தோறும் வந்து போகும் ஊர். இவ்வூர் வரலாற்றை வெள்ளிவிழா மலருக்கு எழுதுமாறு விழாக்குழுவினர் பணித்தபோது, ஊரின் பெருமைகளை மட்டும் தொகுத்தளித்தால் போதாது என்று கருதினோம். அப்பெருமைகளுக்கிடையே நம் மக்கள் எவ்விடத்தில் நின்றனர், எவ்விடத்தில் நிறுத்தப்பட்டனர் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

பழமைக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்தில் ஓவாமலை என்னும் குன்று உள்ளது. அதன் குகைத்தளங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருப்பதை 1882இல் ராபர்ட் சீவல் என்னும் ஆங்கிலேய அதிகாரி முதன்முதலாக வெளியுலகுக்கு அறிவித்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய அக்கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பர். அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி ஆகிய ஊர்களின் குன்றுகளிலும் சமண முனிவர் தங்கிய படுக்கைகள் உள்ளன. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரும் இவ்வட்டாரத்தினதே. ஓவாமலைக் கல்வெட்டுகளில் அரசன் பெயர் உண்டு. வெள்ளறை ஊர் வணிகக் குழுவினரின் பெயரும் உண்டு. அம்முனிவர்க்கு உணவளித்த நெல்லை விளைவித்தவர் யாவர் என்று கேட்டால் கல் விடை கூறாது. நம்மவருள் சிலர் இந்த இடைவெளியை நிரப்புதற்பொருட்டு, சான்று ஏதுமின்றி நாமும் ஒரு காலத்தில் அரசாண்டோம் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அம்முழக்கத்தில் நமக்கு விருப்பமில்லை. நம் முன்னோரின் உழைப்புக்குச் சான்று தேடிக் குகைக்குள் போக வேண்டியதில்லை. கண்மாய்க் கரைக்குப் போனால் போதும்.

மேலூர் வட்டாரம் ஆறு பாயாத மேட்டுச்சீமை. மழைநீரைத் தேக்கும் கண்மாய்களே பண்டு தொட்டு இதன் உயிர்நாடி. ஒரு கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்குப் போகும். சங்கிலிபோற் கோக்கப்பட்ட இக்கண்மாய்களைக் காத்தும் பங்கிட்டும் வந்தவர்களை நீர்பாய்ச்சி என்றும், நீர்க்கட்டி என்றும், மடைக்குடும்பன் என்றும் பாண்டி நாட்டு ஊர்கள் வெவ்வேறு பெயரால் அழைத்தன. பெயர் எதுவாயினும், பெரும்பாலான ஊர்களில் அப்பணியைச் செய்தவர் நம் மக்களே.

அப்பணி எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் பலர் கண்டதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில், ஊரார் கதவடைத்து உறங்கும் நள்ளிரவில், நீர்பாய்ச்சி கையில் மண்வெட்டியும் விளக்குமாகக் கரையைச் சுற்றி வருவார். நண்டு வளையில் கசியும் நீர் விடிவதற்குள் உடைப்பாகிவிடும். ஆதலால் கசிவு கண்ட இடத்தில் உடனே மண் வெட்டிப் போடுவார். கரை தாங்காது என்று தோன்றினால் பறை முழக்கி ஊரை எழுப்புவார். நீர் நிறைந்த கண்மாயில் மடைத்தூம்பு ஆழத்தில் இருக்கும். அதைத் திறப்பதற்கு மூச்சையடக்கி மூழ்கி, நீரின் இழுப்புக்குத் தப்பி மேலே வருதல் வேண்டும். அதில் மூச்சு முட்டி மாண்டவர்களைப் பற்றிய கதைகள் கண்மாய்க்கரை ஊர்களில் உண்டு. சில ஊர்களில் அவர்களுக்கு நடுகல்லும் படையலும் உண்டு.

அதனினும் அரிய பணி நீரைப் பங்கிடுவது. நீர் மிகுந்திருக்கும் காலத்தில் எவரும் எவரையும் கேட்பதில்லை. கண்மாய் வற்றி, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில்தான் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் பகை மூளும். அப்போது எவர் வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த வாய்க்காலை அடைத்து எதைத் திறப்பது என்பதை நீர்பாய்ச்சியே தீர்மானிப்பார். நிலவுடைமையாளர் தாமே மடையில் கைவைத்தல் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. காரணம் தெளிவானது. வயல் உடையவன் தன் வயலுக்கே நீரைத் திருப்பிக்கொள்வான். வயல் இல்லாதவன் கையில் மடை இருந்தால்தான் நடுநிலை நிலைக்கும். நமக்கு நிலமில்லாமையே நம் நேர்மைக்கு உத்தரவாதமாகக் கொள்ளப்பட்டது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் ஏகரா கணக்கில் சில கதிர்க்கட்டுகளோ சில மரக்கால் நெல்லோ சுதந்திரமாக அளிக்கப்படும். சுதந்திரம் என்னும் அச்சொல் நம் பாட்டன்மாரிடத்தில் அந்த நெல்லைத்தான் குறித்தது.

இவ்வாறு ஊர் முழுமைக்கும் நீர் அளந்த அதே மனிதர், குடிநீருக்கென வெட்டிய ஊருணியின் படியில் இறங்க முடியாது. அவர் வீட்டுப் பெண்கள் குடத்துடன் ஊருணிக் கரையில் ஒதுங்கி நின்று, எவரேனும் மனமிரங்கி மொண்டு ஊற்றும்வரை காத்திருத்தல் வேண்டும். பயிருக்குப் பாயும் நீர் நம் கைபட்டால் தீட்டில்லை. குடத்துக்குள் போகும் நீர் நம் நிழல்பட்டாலும் தீட்டு. இந்த முரண்பாட்டை மேலூர் வட்டாரத்தின் சமூக வாழ்க்கைக்குத் திறவுகோலாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

இவ்வட்டாரத்தின் மற்றொரு சிறப்பு அதன் நாட்டுப் பிரிவுகள். பல ஊர்கள் சேர்ந்து ஒரு நாடு, அதற்கு அம்பலக்காரர், கோயிலில் அவர்களுக்கு முறைப்படி முதல் மரியாதை. கும்பினியாருக்குக் கப்பங்கட்ட மறுத்த நாட்டார் இவர்கள். 1755இல் கர்னல் ஹெரான் கோயில்குடித் திருமோகூர்க் கோயிலிலிருந்து சிலைகளைக் கவர்ந்து சென்றபோது, நத்தம் கணவாயில் அவனது படையை மறித்துத் தாக்கியவர்களும் இவர்களே. பின்னர் வந்த கும்பினிப் படைகள் ஊர்களை எரித்து இவர்களைக் கொடுமையாக ஒடுக்கின. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் இழிவையும் பிற்காலத்தில் இம்மக்கள் சுமந்தனர். இவற்றையெல்லாம் நாம் மறைப்பதற்கில்லை. அந்நியரிடம் அவமானப்பட்டவர்கள் தம் ஊரில் பிறரை அவமானப்படுத்தாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் கூறுவோம். நாட்டுக் கூட்டத்தில் நம்மவர்க்கு இருக்கை கிடையாது; பறையடித்துக் கூட்டத்தை அறிவிப்பது மட்டும் நம் கடமை.

இனிப் பெரியாற்று நீர் வந்த கதைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடியது. மேற்கே வீணாகக் கடலிற் கலக்கும் பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்பும் பழைய திட்டத்துக்கு அதன்பின் வேகம் பிறந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் தொடங்கிய அணைப்பணி, பென்னிகுவிக் பொறியாளரின் தலைமையில் 1895இல் நிறைவெய்தியது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்த நீர் வைகையிற் சேர்ந்து, பேரணையில் பிரதானக் கால்வாயாகப் பிரிந்து, கள்ளந்திரி வழியாக மேலூர் நோக்கி வந்தது. கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்கப்பால் மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகப் பாசனம் என்பது இன்றைய அரசுக் கணக்கு.

மானாவாரிச் சீமை நெற்களஞ்சியமானது. மேலூர் நகரம் வளர்ந்தது. ஆயினும் நீர் வருவதற்கு முன் நிலம் எவரிடம் இருந்ததோ, வந்தபின் அதன் பலனும் அவரிடமே சேர்ந்தது. நம் மக்களுக்குக் கிடைத்தது கூலி நாள்கள் கூடியதே. நடவும் களையெடுப்பும் அறுவடையும் பெருகின. அதுவரையிற் பஞ்சத்துக்கஞ்சி இலங்கைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த குடும்பங்களுள் சில ஊரிலேயே தங்குவதற்கு அது உதவியிருக்கலாம். அதற்குமேல் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கும் வழக்கம் இன்று பரவிவருகிறது, நன்றியுணர்ச்சி நல்லதே. அணையிலும் சுரங்கத்திலும் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பலியான கூலி மக்களுக்கும் அப்பொங்கலில் ஒரு கைப்பிடி உண்டாயின் நன்று.

நிலம் கிட்டாத நிலையில் நம்மவர்க்குத் திறந்த முதற்கதவு பள்ளிக்கூடம். சென்னை அரசாங்கம் 1920ஆம் ஆண்டை ஒட்டித் தொழிலாளர் ஆணையர் என்னும் பதவியை ஏற்படுத்தி, ஒடுக்கப்பட்டோர்க்கான பணிகளை அவரிடம் ஒப்படைத்தது. அத்துறை தொடங்கிய பள்ளிகளை மக்கள் லேபர் பள்ளி என்றனர். அவையே பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக உள்ளன. பொதுப்பள்ளியிற் சேர்க்க மறுத்ததால் தனிப்பள்ளி தோன்றியது. தனிப்பள்ளி இருப்பதால் பொதுப்பள்ளியில் இடமில்லை என்று மறுக்கவும் பின்னர் ஒரு சாக்கு கிடைத்தது. எனினும் அக்கூரைப் பள்ளிகள் இல்லையேல் இம்மலரைப் படிப்பவருட் பலர் எழுத்தறிந்திரார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டமன்றத்திற் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாகப் பொதுச்சாலைகளும் கிணறுகளும் யாவர்க்கும் உரியன என்று அரசாணை பிறந்தது. 1938இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியாற் சட்டமே வந்தது. ஆணை வந்த செய்தியை ஊரில் படித்துச் சொல்ல ஒருவன் வேண்டுமே! அவனை உருவாக்கியது லேபர் பள்ளி.

நம் வயதினர் பள்ளியிற் படித்த 1970களிலும் 1980களிலும் ஆணைகள் பழையனவாகிவிட்டன. ஆனால் வழக்கம் பழையதாகவில்லை. வகுப்பில் தண்ணீர்ப்பானை ஒன்றுதான் இருக்கும். அதில் நாங்கள் குவளையை இடுதல் கூடாது. வேறொரு மாணவன் எடுத்து எங்கள் உள்ளங்கையில் ஊற்றுவான். எவரும் அதை விதியாகச் சொன்னதில்லை, எழுதி ஒட்டியதுமில்லை. முதல் நாளே எல்லாக் குழந்தைகளுக்கும் அது தெரிந்திருந்தது. ஆசிரியப் பணிக்கு வந்தபின் நாம் பணியாற்றிய பள்ளிகளில் முதலிற் கவனித்தது தண்ணீர்ப்பானையைத்தான்.

மேலூர் வட்டாரம் நாட்டுக்கு அளித்த தலைவருள் தலையாயவர் தும்பைப்பட்டி பி. கக்கன் அவர்கள். 1908 ஜூன் 18ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் சிற்றூர்க் கோயிற் பூசாரி. மதுரை அ. வைத்தியநாத ஐயரின் தொண்டுப் பணிகளில் ஈடுபட்டு வளர்ந்தார். 1934இல் மதுரை வந்த காந்தியடிகள், அரிசனர்க்கு அனுமதியில்லாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாமும் நுழையவில்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் காலையில் வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சமூகத் தோழர்களை அழைத்துக்கொண்டு அக்கோயிலுள் நுழைந்தபோது அக்குழுவில் கக்கன் இருந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்கள் அதற்குத் துணைநின்றார். காந்தியடிகள் 1946இல் மீண்டும் வந்து, திறந்த கோயிலில் வழிபட்டார். நுழைந்தவர்களை அழைத்துச் சென்றவர் பெயரைப் பாடநூல்கள் மறவாமல் எழுதுகின்றன. நுழைந்தவர்கள் அன்று மாலை ஊர் திரும்பியபின் என்ன எதிர்கொண்டனர் என்பதையும் எழுதல் வேண்டும் என்பது நம் நெடுநாள் எண்ணம்.

1942 இயக்கத்திற் சிறைசென்ற கக்கன், அரசியல் நிர்ணய சபையிலும் 1952 முதல் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராயிருந்தார். 1957 ஏப்ரலில் காமராசர் அமைச்சரவையிற் பொதுப்பணித்துறைப் பொறுப்பேற்றார். அதன் பொருளை நீர்பாய்ச்சிகளின் வழிவந்த நாம் ஊன்றி உணர்தல் வேண்டும். மாநிலத்தின் அணைகளும் கால்வாய்களும் மதகுகளும் அத்துறைக்குள் அடக்கம். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது அத்துறைக்கு அமைச்சர், ஊருணிப் படியில் இறங்க முடியாத சேரிகளிலொன்றில் பிறந்தவர். பின்னர் 1962இல் வேளாண்மை, 1963இல் உள்துறை அவர் பொறுப்பில் வந்தன. 1965 மொழிப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்த காலத்தில் உள்துறை அவர் கையில் இருந்தது. நம்மவர் என்பதற்காக அப்பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதுவது வரலாறாகாது. 1967 தேர்தலில் தம் சொந்த வட்டாரத்திலேயே தோல்வியுற்றார். பத்தாண்டுகள் அமைச்சராயிருந்தவர், பின்னாளில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்ததையும், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு கலங்கியதையும் யாவரும் அறிவர். 1981 டிசம்பர் 23ஆம் நாள் காலமானார். தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.

ஆண்டுதோறும் விழா மேடைகளில் அந்த மருத்துவமனைக் கதையே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நம்மவர் ஒருவர் ஏழையாய் மடிந்ததைப் போற்றுவது பிறருக்கு எளிதாக உள்ளது. அவர் ஆணையிட்டு ஆண்டதைப் போற்றுவது அத்துணை எளிதாக இல்லை போலும்.

அவ்வாறு சொல்லக் காரணம் உண்டு. சென்னையில் அமைச்சர் நாற்காலியில் நம்மவர் அமர்ந்து நாற்பதாண்டுகள் ஆகியும், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் ஊராட்சி மன்ற நாற்காலி கிடைக்கவில்லை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து, 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பட்டது. கண்மாய் மீன் ஏலமும் மரங்களின் ஏலமும் பொதுநிலங்களின் வரவும் ஊராட்சித் தலைவரின் பார்வையில் வருவன. மடையைத் திறக்கலாம், மீனை ஏலம் விடலாகாது என்பதே மறுத்தவர்களின் உள்ளக்கிடக்கை. வேட்பாளர்களின் வீடுகள் எரிந்தன, அஞ்சி மனுக்களைத் திரும்பப் பெற்றனர், தேர்தல் தள்ளிப்போயிற்று. டிசம்பர் 28இல் நடந்த வாக்குப்பதிவு வாக்குச்சாவடித் தாக்குதலால் குலைந்தது. டிசம்பர் 31இல் காவல் சூழ நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். வென்ற பின்னும் அலுவலகத்துக்குச் சென்று தடையின்றிப் பணியாற்ற அவரால் இயலவில்லை. 1997 ஜூன் 30ஆம் நாள், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது, அவரும் துணைத்தலைவர் மூக்கனும் உடன்வந்த தோழர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் சேலம் அமர்வு நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களுள் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

அதே பத்தாண்டுகளில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் ஒதுக்கீட்டுத் தேர்தல்கள் நடவாமலோ, நடந்தும் வென்றவர் உடனே பதவி விலகியோ கழிந்தன. 2006 அக்டோபரில், மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயசந்திரன் ஊர்ப் பெரியவர்களுடன் பலமுறை அமர்ந்து பேசிய பின்னரே அங்கும் முறையான தேர்தல் நடைபெற்றது. சட்டம் பத்தாண்டுகளாகச் செய்யாததை ஓரளவு பேச்சுச் செய்தது. ஆயினும் சட்டம் இல்லையேல் அப்பேச்சுக்கு எவரும் உட்கார்ந்திரார்.

தண்ணீரின் கதை இன்னும் முடியவில்லை. 1990களிலிருந்து மேலூர்க் குன்றுகளைக் கிரானைட் குவாரிகள் வெட்டித் தின்றன. கல் மட்டுமா போயிற்று? வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. கண்மாய்கள் கழிவுக்கற்களால் மூடின. 2012இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதிய கடிதத்தால் அக்கொள்ளை வெளிப்பட்டது. உயர் நீதிமன்ற ஆணைப்படி அவர் விசாரித்து 2015இல் அறிக்கை அளித்தார். 2022இல் அரிட்டாபட்டி, மாநிலத்தின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அங்கு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, நாட்டு அம்பலக்காரர்களும் சேரி மக்களும் ஒரே சாலையில் மதுரை நோக்கி நடந்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. கண்மாய் அழியும் என்ற அச்சம் இரு தரப்பையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது. கண்மாய் இருக்கும்போது அதன் வரவைப் பங்கிடுவதில் அந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் வரும் என்பதை இனிவரும் ஊராட்சிக் கூட்டங்களிற் காணலாம்.

இறுதியாக ஒரு வேலை உண்டு. ஆங்கிலேய அரசு 1892 முதல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிபந்தனையுடன் வழங்கிய நிலங்களைப் பஞ்சமி நிலம் என்பர். பிற சமூகத்தார்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும் அவை பல இடங்களிற் கைமாறிவிட்டன. வட்டாட்சியர் அலுவலகத்து நிலப்பதிவேடுகளிற் பழைய குறிப்புகளைத் தேடினால், எந்தப் புல எண் அவ்வாறு வழங்கப்பட்டது என்பது தெரியவரும். நம் சங்கத்து இளைஞர் இருவர் மூவராகச் சென்று நகல் விண்ணப்பம் அளிக்கலாம். செல்லும் வழியில் தத்தம் ஊர் நீர்பாய்ச்சிக் குடும்பத்து முதியவரைக் கண்டு, எந்த மடையின் நீர் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை பாய்ந்தது என்பதையும் கேட்டெழுதிக்கொள்க. அக்கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.